யாருக்கு வாங்குறீங்க, சார்?

கீ... என்று மிஷின் அலறியது.

காஜாக்கா கையிலிருந்த கத்திரியைப் போட்டுவிட்டு எழுந்தாள். மடியில் குவிந்திருந்த சட்டைகள் சரிந்து தரையெல்லாம் பரவின. மழை பிடித்தால் கரண்ட் போவது அந்தத் தெருவில் புதிதில்லை. மற்ற வீடுகளில் கரண்ட் போனால் விளக்கு அணையும், அவ்வளவுதான். இந்த வீட்டில் ஆக்சிஜன் மிஷின் நின்றுபோகும். நின்றுபோனதைச் சொல்வதற்கென்றே அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பேட்டரி. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தும்.

“குட்டி! சிலிண்டர்!”

“பாத்துட்டேன்மா. நீ குழாயக் கழட்டு.”

மகள் சிலிண்டரின் தலையில் சாவியை மாட்டித் திருகினாள். தாய் மிஷினிலிருந்து குழாயை உருவிச் சிலிண்டரில் செருகினாள். இருட்டிலேயே செய்து பழகிய கைகள். புஸ்ஸென்று காற்று கிளம்பியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், நாலைந்து மூச்சு இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

“என்னையே... தோக்கடிச்சிடும் போலருக்கே. என்னா ஹாரன்!”

ஹாரன் என்பது அவருக்கு டெப்போவில் வைத்த பெயர். டவுன் பஸ் டிரைவர். வண்டியின் ஹாரன் ரிப்பேரானால்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் போதும், முன்னால் போகிற லாரி ஒதுங்கும் என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி உப்பு ஜாடியோடு வந்து நிற்பாள். அந்தக் குரல்தான் இப்போது அரை வாக்கியத்துக்கு ஒருதரம் நின்று நின்று வந்தது. நுரையீரல் இரண்டும் காய்ந்த பஞ்சு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறதாம். கடைசியாகப் போனபோது டாக்டர் மூன்று பேரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இனிமேல் எந்த மருந்தும் அதைத் திருப்பாது, வீட்டில் வைத்துச் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷமாக! டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த இருட்டில் குட்டியின் போன் அடித்தது.

“சார்... ஆமா சார், நான்தான்... திங்கட்கிழமையா? ... இல்ல சார், கேக்குது, இங்க கரண்ட் இல்ல... யோசிச்சு... சரி சார்.”

“யாரு?” என்றார் ஹாரன்.

“ராங் நம்பர்ப்பா.”

“ராங் நம்பருக்கு... ஏண்டி அத்தனை சார்?”

குட்டிக்குப் பொய் சொல்ல வராது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், இன்னும் வரவில்லை. சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாப் எதிரில் இருக்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் படிக்கிற பிள்ளைகளைப் பகுதிநேர விற்பனை வேலைக்கு எடுக்கிறார்கள். சிநேகிதி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள் என்று இவளும் இன்டர்வியூவுக்குப் போய் வந்தாள். அப்போது ஹாரன் இவ்வளவு முடியாமல் போகவில்லை, தானாகவே மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். சிநேகிதிக்குக் கிடைக்கவில்லை. இவளுக்குக் கிடைத்துவிட்டது.

“தினம் காலேஜ் விட்டதும் நேரா போகணும். கடை சாத்தற வரைக்கும். சனி, ஞாயிறு முழு நாள். போனை உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, லாக்கர்ல வெச்சுப் பூட்டிடணுமாம். நான் போகலப்பா. நாளைக்குச் சொல்லிடறேன்.”

“போகலையா?” ஹாரன் தலையணையிலிருந்து முதுகை எடுத்தார். “ஏய், அது என் ஸ்டாப்புடி!”

கரண்ட் வந்தது. மிஷின் ஒரு உறுமல் உறுமிவிட்டுத் தன் வழக்கமான உம்... உம்... சத்தத்துக்குப் போனது. வெளிச்சத்தில் காஜாக்கா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ ஒன்று ஏறியிருந்தது.

அந்த ஷோரூம் வாசலில்தான் அவர் வருஷக்கணக்காகப் பஸ்ஸை நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் சுவர் முழுக்க டிவி. அத்தனையிலும் ஒரே படம். மேட்ச் நடக்கிற நாளில் அந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவன் இறங்கமாட்டான், ஏற வேண்டியவன் ஏறமாட்டான். கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வலிக்கும். டிரைவரே ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தால் விசில் என்ன செய்யும்? ஆனால் ஒருநாள்கூட அவர் உள்ளே போனதில்லை.

“காக்கிச் சட்டையோட போனா... பஸ்ஸ எங்கயோ மோதிட்டு வந்திருக்கான்னு நெனப்பானுங்க” என்பார்.

“சரி, சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்” என்று காஜாக்கா பேச்சை வெட்டினாள்.

அவளுக்குக் காஜாக்கா என்று பெயர் வந்தது சட்டைக் கம்பெனியில். பொத்தான் துளை போடும் காஜா மிஷினில் அவள் உட்கார்ந்தால் துளை எல்லாம் அளவெடுத்த மாதிரி விழும். ஹாரன் படுத்த பிறகு மிஷினை விட்டுவிட்டாள். தைத்து முடித்த சட்டைகளைச் சூப்பர்வைசர் மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார். வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறாள். காலரில் ஒரு நூல், கையில் ஒரு நூல், பட்டியில் ஒரு நூல். கண் இங்கே, காது கட்டிலில். மிஷின் சத்தமும் மூச்சுச் சத்தமும் சேர்ந்து கேட்கிற வரைக்கும் கத்திரி நிற்காமல் ஓடும்.

பகல் முழுக்க அவள். சாயந்தரம் மகள் வந்ததும்தான் அவளால் முதுகை நிமிர்த்த முடியும். சூப் வைப்பாள், துணி அலசுவாள், சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து சற்றே கண்ணை மூடுவாள். அந்த நேரமும் போய்விட்டால்? வேலைச் சுமையைவிட அவளை அரித்தது வேறு. ஆகக் கூடாதது ஒன்று ஆகிவிட்டால், அந்த நேரத்தில் பிள்ளையின் போன் லாக்கரில் கிடந்தால்?

ஹாரன் விடுவதாக இல்லை. மறுநாள் மகள் கல்லூரியிலிருந்து வந்து பையை வைப்பதற்குள் ஆரம்பித்தார்.

“இன்டர்வியூல என்னடி சொல்லிக் குடுத்தான்?”

“அதான் போகலன்னு சொன்னேனே.”

“போகாட்டி போ. என்ன சொல்லிக் குடுத்தான்னு... சொல்லேன். பொழுது போகும்.”

குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “வர்றவங்ககிட்ட ‘என்ன வேணும்’னு கேக்கக் கூடாதாம்பா. ‘சும்மா பாக்க வந்தேன்’னு சொல்லிட்டுப் போயிடுவாங்களாம். ‘யாருக்கு வாங்குறீங்க சார்?’னு கேக்கணுமாம். யாருக்குன்னு கேட்டா நின்னு பேசுவாங்களாம்.”

“பரவால்லையே! மூளைக்காரன்தான்.” ஹாரன் யோசித்தார். “சரி, நான் வர்றேன். நீ வித்துக் காட்டு.”

சொல்லிவிட்டு மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி மடியில் போட்டார்.

சமையல்கட்டிலிருந்து காஜாக்கா ஓடி வந்தாள். “என்ன பண்றீங்க? மாட்டுங்க முதல்ல!”

“எந்த ஊர்லடி கஸ்டமர்... மூக்குல குழாயோட வருவான்?”

“விளையாடாதீங்க.”

“டாக்டரே சொன்னாரு. சாப்பிடறப்ப, மூஞ்சி கழுவறப்ப... கழட்டலாம்னு. ரெண்டு வாய் சாப்பிடற நேரம்தான். நீ போ. சூப் பொங்குது பாரு.”

சூப் பொங்கத்தான் செய்தது. அவள் போனாள். போனவளின் காதில் மகளின் குரல் விழுந்தது. வேண்டாவெறுப்பாக ஆரம்பித்து, போகப்போகச் சூடு பிடித்த குரல்.

“வாங்க சார், வாங்க. யாருக்கு வாங்குறீங்க சார்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்மா. வெளியில மழை. ஏசில கொஞ்சம்... சட்டையக் காயப் போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நல்லதாப் போச்சு சார், இங்க வாஷிங் மிஷின் இருக்கு, டிரையரோட. சட்டையைக் கழட்டிக் குடுங்க, டெமோ காட்டிடறேன்.”

ஹாரன் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. குழாய் மூக்குக்குப் போனது. ஆனால் ஆட்டம் சூடுபிடித்துவிட்டது. தினமும் சாயந்தரம் கடை திறந்தது. ஒருநாள் அவர் எல்லாம் தெரிந்த ஏகாம்பரமாக வந்து டிவியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். ஒருநாள் பெண்டாட்டிக்குப் பயந்த மாப்பிள்ளையாக வந்து, ஒவ்வொரு மிக்சியையும் “அவளக் கேட்டுட்டு வரேன்” என்றே தள்ளிவிட்டார். இன்னொருநாள் மைத்துனர் கடையில் பாதி விலைக்குத் தருகிறார் என்று சண்டை பிடித்தார்.

“அப்ப மச்சான் கடையிலயே வாங்கிக்கோங்க சார்.”

“அவன் கடன் தரமாட்டான்மா.”

“பாதி விலைக்குத் தர்றவரு கடன் தரமாட்டாரா?”

“அவன் தங்கச்சியக் கட்டுன நாள்லேர்ந்தே... என்மேல அவனுக்கு நம்பிக்கையில்ல.”

காஜாக்காவுக்கே சிரிப்பு வந்தது. அவளுடைய அண்ணனைத்தான் வாருகிறார். “எங்கண்ணன வம்புக்கு இழுக்காம உங்களுக்கு வியாபாரம் ஓடாதா?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“பாரும்மா, பக்கத்துக் கடைக்காரி... பொறாமைல கத்துறா” என்றார் கஸ்டமர்.

பழைய சிநேகிதர் கண்டக்டர் அன்றைக்கு மழையில் நனைந்து வந்திருந்தார். ஒரே பஸ்ஸில் ஒன்றாகத் தேய்ந்தவர்கள். படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலில் நின்றுவிட்டாராம்.

அவர் கிளம்பும்போது காஜாக்கா படி வரைக்கும் வந்தாள்.

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. அந்த வேலை வேணாம்னு.”

“ஏன் தங்கச்சி? நல்ல கடை. பிள்ளைக்கு வாயும் இருக்கு.”

“வாய் இருக்கு. ஆனா சாயந்தரம் ஆனா அவரு வாசலையே பாத்துட்டு இருக்காரே, அவ எப்ப வருவான்னு. அதுக்கு என்ன பண்றது?”

“நான் வந்து உக்காந்துக்கறேன்.”

“உக்காருவீங்க. உங்க மூஞ்சியப் பாக்கவா அவரு வாசலப் பாக்கறாரு?”

கண்டக்டர் குடையை விரித்தார், மடக்கினார். “அதுவும் சரிதான். என் மூஞ்சிய ரியர் வியூ கண்ணாடிலயே ஆயுசு பூரா பாத்துட்டான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா தங்கச்சி, போகச் சொல்றது அவன்தானே? கடைசியா ஒண்ணு கேக்கறான்...”

“கடைசின்னு சொல்லாதீங்கண்ணே.”

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை சாயந்தரம். அன்றைக்கும் மழை. காயாத துணியின் வாடை வீடு முழுக்க நின்றது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான். குட்டி இன்னும் மேனேஜருக்குப் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதாக இருந்தவள் ஏன் சொல்லவில்லை என்று காஜாக்காவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று “வணக்கம் சார்” என்று தலை சாய்த்துப் பார்க்கிறாள்.

காஜாக்கா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு மூட்டை வெள்ளைச் சட்டைக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பினால் மகளின் முதுகு தெரியும், மகளைத் தாண்டிக் கட்டில். குழாய் வழக்கம்போல் அவர் மடியில்.

“யாருக்கு வாங்குறீங்க சார்?”

“என் சம்சாரத்துக்கும்மா.”

கத்திரி நின்றது.

“ஓ! என்ன விசேஷம் சார்? கல்யாண நாளா?”

“விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. நான் வெளியூர் போறேன். கொஞ்சம்... தூரம். வீட்ல அவ தனியா இருப்பா. பேச்சுச் சத்தம் இல்லாம... அவளுக்குப் பழக்கமில்லம்மா. நான் கொஞ்சம் சத்தமாப் பேசற ஆளு.”

குட்டியும் விற்பனைக்காரியாகவே தொடர்ந்தாள். குரல் மட்டும் மெல்லியதாகிவிட்டது.

“பொண்ணு இருக்காங்களா சார் வீட்ல?”

“இருக்கா. அவ வேலைக்குப் போயிடுவா. போகணும். நல்ல கடை, நல்ல வேலை.”

“அப்ப உங்களுக்கு டிவிதான் சார் சரி. பெரிய டிவி. சவுண்ட் பார் சேத்து வாங்குனா வீடே அதிரும். பாக்காட்டியும் ஓடிட்டு இருக்கும், ஆள் இருக்கற மாதிரியே.”

“சத்தம் எவ்ளோ வரும்?”

“டவுன் பஸ் ஹாரன் மாதிரி வரும் சார்!”

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். காஜாக்கா கையிலிருந்த சட்டையால் கண்ணைத் துடைத்தாள். கம்பெனிச் சட்டை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

“வெலை என்னம்மா?”

குட்டி விலையைச் சொன்னாள். வேண்டுமென்றே வாயில் நுழையாத ஒரு தொகையாகச் சொன்னாள்.

ஹாரன் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்தார். கண்களை உருட்டினார். “அம்மாடி! மூச்சே... நின்னுபோச்சு!”

“ஐயய்யோ சார்! உக்காருங்க சார்! தவணை இருக்கு சார்!”

“மூச்சு...”

“மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கலாம் சார். மூச்சையும் தவணைல விடுங்க!”

சொன்னதும் அவளுக்கே அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹாரனின் வாய் திறந்து மூடியது. கை ஒருதரம் காற்றில் எழும்பி இறங்கியது. “சூப்பர்ப்பா! எங்க கடைல உங்களையே ஷோ பீஸா நிக்க வெக்கலாம்” என்று குட்டி கையைத் தட்டினாள். காஜாக்காவும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் குடியுங்கள் சார், கேரண்டி இருக்கிறது சார், பழைய டிவி இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் சார் என்று மகள் அடுக்கிக்கொண்டே போனாள்.

கஸ்டமரிடமிருந்து பதில் இல்லை.

காஜாக்காவின் காதில் மிஷின் சத்தம் விழுந்தது. உம்... உம்... அதோடு சேர்ந்து கேட்க வேண்டிய இன்னொரு சத்தம் விழவில்லை.

“குட்டி! நடிப்பில்லடி அது!”

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கண்கள் திறந்தே இருந்தன, மகளின் முகத்தை விட்டு அசையாமல். காஜாக்கா குழாயை எடுத்து மூக்கில் வைத்தாள், முதுகை நிமிர்த்திப் பிடித்தாள். “இழுங்க. என்னப் பாருங்க. மெதுவா இழுங்க.” மிஷினின் குமிழைத் திருகிவிட மகளைக் கூப்பிட்டாள். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். சிரித்த வாய் இன்னும் முழுதாக மூடவில்லை. கண்ணில் மட்டும் சிரிப்பு செத்துப்போயிருந்தது. அந்த முகத்தைக் காஜாக்கா பார்த்தாள். ஹாரனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வருவதற்குள் மூச்சு ஒரு வழிக்கு வந்துவிட்டது. உதட்டில் நிறம் திரும்பியது. இனிமேல் சாப்பிடும்போதும் கழற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

குட்டி சமையல்கட்டு மூலையில் சட்டை மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, நான் சிரிச்சிட்டே இருந்தேன்மா.”

“நானும்தாண்டி சிரிச்சேன்.”

“நீ தூரத்துல இருந்த. நான் பக்கத்துலயே இருந்தேனே. கை எட்டற தூரத்துல. மூச்சைத் தவணைல விடுங்கன்னு சொன்னேனேம்மா...”

காஜாக்கா அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் குட்டி முதல் வேலையாக மேனேஜருக்குப் போன் செய்தாள். “எனக்கு இந்த வேலை வேணாம் சார். வீட்ல முடியல சார்.” அவர் ஏதோ சொன்னார். “இல்ல சார், மன்னிச்சிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

கட்டிலிலிருந்து ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முட்டையை அவித்து உரித்துக் கொண்டுபோய் நீட்டினாள் காஜாக்கா. வாயைத் திறக்கவில்லை. ரொட்டியைச் சூப்பில் நனைத்துக் கொடுத்தாள். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார்.

“பிள்ளைகிட்டயா உங்க வீம்பு?” என்றாள்.

குட்டி அன்றைக்கு முழுக்க ஸ்டூலை விட்டு எழவில்லை. போனைத் தொடவில்லை, புத்தகத்தைத் தொடவில்லை. அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஏறினால் அவள் தோள் ஏறியது, இறங்கினால் இறங்கியது. அவர் இருமினால் எழுந்து நின்றாள். அவர் கண்ணை மூடித் தூங்கினால் குனிந்து மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

மத்தியானத்துக்கு மேல் ஹாரன்தான் வீம்பை விட்டு இறங்கி வந்தார். திரும்பிப் படுத்து மகளைப் பார்த்தார்.

“ஏம்மா... நேத்து சொன்னியே அந்த டிவி... வெலை கொறையுமா?”

குட்டி சிரிக்கவில்லை. “பேசாதீங்கப்பா. மூச்சு வாங்கும்” என்றாள்.

தெருவில் ஒரு பஸ் போனது. “இவன் ரெண்டாவது கியர்லயே... வண்டியச் சாகடிக்கறான்” என்றார்.

“பேசாதீங்கப்பான்னு சொல்றேன்ல.”

காஜாக்கா சமையல்கட்டு வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்தாள். மிஷின் ஓடியது, கத்திரி ஓடியது. வேறு சத்தமே இல்லை. பிசிறு வெட்டுகிறேன் என்று ஒரு நல்ல தையலையே வெட்டிவிட்டாள். சட்டையின் காலர் பாதி வரைக்கும் வாயைப் பிளந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் இப்படி நடந்ததில்லை. அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மகள் வீட்டில் வேண்டும். தலைவலி, முதுகுவலி, பயம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆனால் இந்த ஸ்டூலில் இப்படி உட்கார்ந்திருக்கிற பிள்ளை அவள் மகளே இல்லை. இது யாரோ நர்ஸ். இப்படியே நாள் போய், அந்த நாளும் வந்து போய்விட்டால், பிறகு இந்தப் பிள்ளைக்கு அப்பா என்றாலே ஏறி இறங்குகிற ஒரு நெஞ்சுதான் ஞாபகத்தில் நிற்கும்.

மகளின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படிக்குப் போனாள்.

“சார், நான் அந்தப் பொண்ணோட அம்மா பேசறேன். காலைல தெரியாம சொல்லிட்டா சார்.”

மேனேஜர் சின்ன வயசுக்காரர் போலிருந்தது. “எங்களுக்கும் ஆள் வேணும்தாம்மா. ஆனா வேலைக்கு வந்து பாதியில நின்னுட்டா...”

“நிக்கமாட்டா. அவங்கப்பாவுக்கு உடம்பு முடியல. ஏதாச்சும் அவசரம்னா அவளுக்கு எப்படித் தெரியும் சார்? போனைப் பூட்டிடுவீங்களாமே?”

“பில் கவுண்டர்ல ஒரு போன் இருக்கும்மா. அந்த நம்பர் தர்றேன். நீங்க அடிங்க. நானே ஓடிப் போய்க் கூப்பிட்டுக் குடுக்கறேன்” என்றார்.

கீழே இறங்கி வந்து மகளிடம் சொன்னாள். குட்டி கத்தினாள். உனக்கு மனசே இல்லையா என்றாள். நேற்று பார்த்த பிறகுமா என்றாள். அழுதாள்.

“போகத்தான் வேணும்டி” என்றாள் காஜாக்கா. “நீ இங்க உக்காந்து எண்ணிட்டு இருந்தா அவருக்கு மூச்சு வராது. எனக்கும் வராது.”

“நான் இல்லாதப்ப ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆகாது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

காஜாக்காவுக்குத் தெரியாது. “தெரியும்” என்றாள்.

திங்கட்கிழமை சாயந்தரம் குட்டி கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்து உடை மாற்றினாள். முதல் நாள் மட்டும் கொஞ்சம் தாமதமாக வரலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட். கட்டில் முன்னால் வந்து நின்றாள். ஹாரன் மேலும் கீழும் பார்த்தார். ஏதோ ஒரு வேடிக்கை சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. மூச்சு போதவில்லை. கையை மட்டும் தூக்கி, வண்டி கிளம்பலாம் என்கிற மாதிரி ஆட்டினார். அவள் குனிந்து அவர் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். நிமிர்ந்தவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஓடினாள். திரும்பியிருந்தால் போயிருக்கமாட்டாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஹாரன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

“கதவு மூடிட்டான். ஏறிட்டா.”

காஜாக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. மகள் இருக்கும்போது கேட்க முடியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“ஒண்ணு கேப்பேன். மறைக்கக் கூடாது.”

அவர் பார்த்தார்.

“அன்னைக்கு மூச்சு நெஜமாவே முட்டுதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

ஹாரன் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“அவ வெலையச் சொல்றதுக்கு... முன்னாடியே.”

“அப்ப குழாயை எடுத்து மாட்டியிருக்கலாம்ல? மடியிலதானே கெடந்துச்சு? கையும் நல்லாத்தானே இருந்துச்சு, நெஞ்சப் புடிச்சு நடிச்சீங்களே!” அவள் குரல் உடைந்தது. “அப்படியே போயிருந்தா? அவ கண்ணு முன்னாடி, அவ கையத் தட்டிட்டு இருக்கறப்ப! ஆயுசுக்கும் எம் பொண்ணு தன்னத்தானே கொன்னுட்டு இருந்திருப்பாளே! அது தோணலையா உங்களுக்கு?”

அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார். கை மெத்தை மேல் நகர்ந்து வந்து அவள் விரலைப் பிடித்தது.

“தோணல... மாட்டுனா ஆட்டம் முடிஞ்சிடும்ல... அவ அப்படிச் சிரிச்சிட்டு இருந்தாடி.”